நாற்பது வருட ரெக்கார்டை வைத்து நீண்ட ஃபெல் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி

வட இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் ஓடும் வாஸ்டேல் பந்தயத்தின் ஆண்கள் ரெக்கார்டு 3 மணி 25 நிமிடம் 21 விநாடி என்று முதல் தடவை படித்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. 34 கிலோமீட்டர்தானே, சாலையில் அதைவிட வேகமாக ஓடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை அந்தப் பாதையில் பாதியை மட்டும் நடந்து பார்த்தேன். இரண்டு நாளைக்கு மாடிப்படி இறங்க முடியவில்லை. அந்த ரெக்கார்டை 1982-ல் வைத்தவர் பில்லி பிளாண்ட், அதே மலைப்பகுதியில் பாரோடேல் பள்ளத்தாக்கில் கல் வேலை பார்த்தவர். அதற்கு முந்தைய வருடம் பாரோடேல் பந்தயத்தில் அவர் ஓடிய 2:34:38-ம் அப்படித்தான், முப்பது வருடங்களைத் தாண்டியும் யாராலும் அசைக்க முடியாமல் நின்றது.

முதல் முறையாக ஒரு நீண்ட ஃபெல் பந்தயத்தில், அதாவது மலை ஓட்டப் பந்தயத்தில், ஓட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சி அட்டவணை எல்லா இடத்திலும் கிடைக்கும், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. அந்தப் பழைய நேரங்களைப் பிரித்துப் பார்த்தால் எதற்குத் தயாராக வேண்டும் என்பது தெரிந்துவிடும், அதைத்தான் சொல்ல வருகிறேன். நுரையீரல் பலம் ஒரு பங்கு என்றால் பாதை தெரிந்திருப்பதும் இறங்கத் தெரிந்திருப்பதும் இரண்டு பங்கு. என் அனுபவக் கணக்கு இது, வேறு ஆள் வேறு மாதிரி சொல்லலாம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. வட இங்கிலாந்தில் மலையை ஃபெல் என்பார்கள், பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். ஃபெல் ரன்னர்ஸ் அசோசியேஷன் 1970-ல் தொடங்கியது, பந்தயங்களை அதுதான் வகைப்படுத்துகிறது. பந்தய அறிவிப்பில் 'ஏ எல்' என்று போட்டிருந்தால் இரண்டு விஷயம் புரிய வேண்டும். ஏ என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 50 மீட்டராவது ஏற்றம், மொத்தத் தூரத்தில் சாலை 20 சதவீதத்துக்கு மேல் இருக்காது. எல் என்றால் 20 கிலோமீட்டருக்கு மேல். பி, சி என்று ஏற்றம் குறைந்துகொண்டே போகும். எம், எஸ் என்று தூரம் குறையும். 'ஏ எல்'தான் உச்சம். வாஸ்டேல், பாரோடேல், எனர்டேல் மூன்றுமே அதில்தான் வரும்.

பெரும்பாலான நீண்ட பந்தயங்களில் கொடி கட்டிய பாதை கிடையாது என்பதுதான் சாலையிலிருந்து வருகிறவர்களுக்கு மண்டையில் ஏற நேரமாகும் விஷயம். சில உச்சிகளும் கணவாய்களும் செக்பாயிண்ட், அவற்றை வரிசையாகத் தொட வேண்டும், நடுவில் எப்படிப் போகிறீர்கள் என்பது உங்கள் பாடு. முன்னால் ஓடுகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், அவருக்கும் வழி தெரியாமல் இருக்கலாம். எனர்டேலில் ஒரு முறை மூடுபனிக்குள் நான் நம்பிக்கையோடு பின்தொடர்ந்தவர் சட்டென்று நின்று, திரும்பி, "உங்களுக்கு வழி தெரியும்தானே?" என்று என்னைக் கேட்டார்.

ரெக்கார்டை உங்கள் நேரமாக மாற்றும் கணக்கு

இதற்கு ஒரு பழைய வாய்பாடு உதவும். 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் நடப்பவர்களுக்காகச் சொன்னது: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு 2000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இதை ஓட்டக்காரர்கள் திருப்பிப் போட்டு, ஒரு மீட்டர் ஏறுவது சமதரையில் 8 மீட்டர் ஓடுவதற்குச் சமம் என்று வைத்துக்கொள்கிறார்கள். இறக்கத்தை இது கணக்கில் எடுக்காது, தரை எப்படி இருக்கும் என்பதையும் எடுக்காது, ஆனாலும் ஆச்சரியமாக வேலை செய்கிறது.

போட்டுப் பாருங்கள். வாஸ்டேல் 34 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 2750 மீட்டர். 2750-ஐ எட்டால் பெருக்கினால் 22 கிலோமீட்டர், ஆக மொத்தம் 56. பில்லி பிளாண்டின் 3:25:21-ஐ 56-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 40 விநாடி. எனர்டேல் 37 கிலோமீட்டர், ஏற்றம் 2290 மீட்டர், மொத்தம் 55 சொச்சம். அங்கே 1985-ல் கென்னி ஸ்டூவர்ட் ஓடிய 3:20:57-ஐ வகுத்தால் 3 நிமிடம் 38 விநாடி. பாரோடேல் 27 கிலோமீட்டர், ஏற்றம் 1980 மீட்டர் சுமார், மொத்தம் 43. பில்லியின் 2:34:38 அங்கே 3 நிமிடம் 36 விநாடி ஆகிறது. மூன்று பந்தயம், இரண்டு மனிதர்கள், நாலு விநாடிக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது! இதை முதலில் ஒரு உறையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று மறுபடி வகுத்தேன்.

உங்களுக்கு இதில் என்ன லாபம் என்றால், உங்கள் விகிதம் தெரிந்துவிட்டால் எந்தப் பந்தயத்துக்கும் நேரம் சொல்லிவிடலாம். உதாரணமாக 12 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றமுள்ள ஒரு நடுத்தரப் பந்தயத்தை நீங்கள் 1 மணி 50 நிமிடத்தில் முடித்தீர்கள் என்று வைப்போம். 12-உடன் 7.2 கூட்டினால் 19.2, அதனால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 44 விநாடி. நீண்ட பந்தயத்தில் அதே வேகம் தாங்காது, நான் 15 முதல் 20 சதவீதம் சேர்ப்பேன். அப்படிச் சேர்த்து 56-ஆல் பெருக்கினால் வாஸ்டேல் உங்களுக்கு 6 மணி 10 நிமிடத்திலிருந்து 6 மணி 25 நிமிடம் வரை ஆகும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு பந்தயத்தின் நேரக்கெடுவைப் பாருங்கள். ஒவ்வொரு செக்பாயிண்டுக்கும் கெடு இருக்கும், தாண்டினால் நிறுத்திவிடுவார்கள். கணக்கு கெடுவுக்கு ஒட்டி வந்தால் இந்த வருடம் வேண்டாம், சின்னதாக இன்னும் இரண்டு ஓடிவிட்டு அடுத்த வருடம் வாருங்கள். எப்படியும் நீண்ட பந்தயங்களில் முன் அனுபவத்தைக் கேட்டுத்தான் சேர்ப்பார்கள்.

அந்த ரெக்கார்டுகள் ஏன் அத்தனை வருடம் நின்றன

இன்றைய ஓட்டக்காரர்களின் ஷூ நல்லது, சாப்பாடு நல்லது, பயிற்சி முறையும் நல்லது. அப்படியும் ஏன் முடியவில்லை? 'அந்தக் காலத்து ஆட்கள் கடினமானவர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், எனக்கு அது சோம்பேறித்தனமான பதிலாகப் படுகிறது. அன்று மிகச் சிறந்தவர்கள் எல்லோரும் அதே சில பந்தயங்களில் வருடா வருடம் மோதினார்கள். இன்று அதே தரத்தில் இருப்பவர்கள் ஆல்ப்ஸுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்விடுகிறார்கள். கென்னி ஸ்டூவர்ட் சும்மா உள்ளூர் வீரர் இல்லை, 1986-ல் கிளாஸ்கோவில் மாரத்தானை 2:11:36-ல் ஓடியவர். 1984-ல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலைப் பந்தயத்தில் 1:25:34, 1985-ல் வேல்ஸின் ஸ்னோடன் மலைப் பந்தயத்தில் 1:02:29 என்று அவர் வைத்த நேரங்களும் பல பத்தாண்டுகள் நின்றவைதான். அந்த வேகம் உள்ள ஒருவர் மலைக்கு வருவதே அபூர்வம்.

இரண்டாவது காரணம் நமக்கு உதவுவது. பில்லி பிளாண்டுக்குப் பாரோடேல் வீட்டு வாசல். எந்தப் பாறைக்குப் பின்னால் ஆட்டுத்தடம் தொடங்குகிறது, எந்தச் சரளைச் சரிவு கால் வைத்தால் ஓடும், எது கணுக்காலைப் பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஜாஸ் நெய்லரும் அப்படித்தான், வாஸ்டேலில் ஆடு மேய்த்தவர், 1975-ல் 24 மணி நேரத்துக்குள் 72 உச்சிகளைத் தொட்டவர். மேய்ப்பவருக்கு மலை எப்படித் தெரியும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாப் கிரஹாம் ரவுண்டின் கதையைக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். 1932-ல் கெசிக் ஊரில் விருந்தினர் இல்லம் நடத்திய பாப் கிரஹாம் 42 உச்சிகளை 24 மணி நேரத்துக்குள் சுற்றி வந்தார். சுமார் 66 மைல், 27,000 அடி ஏற்றம். அதை மறுபடி ஒருவர் செய்ய 1960 வரை ஆயிற்று. 1982-ல் பில்லி பிளாண்ட் 13 மணி 53 நிமிடத்தில் முடித்தார், அது 36 வருடம் நின்றது. 2018 ஜூலையில் கிலியன் ஜோர்னெட் 12:52-ல் உடைத்தார். உலகத்திலேயே சிறந்த மலை ஓட்டக்காரர் என்று சொல்லப்படுபவர், அவர்கூட அதைத் தனியாகச் செய்யவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் அந்தத் தரையை அறிந்த உள்ளூர் ஓட்டக்காரர்கள் கூடவே ஓடி வழி காட்டினார்கள். கெசிக்கில் இந்தச் சுற்று தொடங்கி முடியும் மூட் ஹால் வாசலில் அவர் முடித்தபோது பில்லி பிளாண்டே அங்கே நின்று வரவேற்றார். பெண்களில் ஜாஸ்மின் பாரிஸ் 2016-ல் 15:24, பெத் பாஸ்கல் 2020-ல் 14:34 என்று அதே சுற்றை ஓடியிருக்கிறார்கள்.

தடம் பழகுவது

ஆகவே முதல் வேலை, பந்தயத்துக்கு முன் தரையைப் பார்த்து வருவது. முழுப் பாதையையும் ஒரே நாளில் ஓடிப் பார்க்காதீர்கள், அது பயிற்சியாகவும் இருக்காது, நினைவிலும் நிற்காது. மூன்றாகப் பிரியுங்கள். கடைசிப் பகுதியை முதலில் பாருங்கள், ஏனென்றால் களைத்துப் போய் மூளை வேலை செய்யாத நேரத்தில்தான் அங்கே வருவீர்கள். வாஸ்டேலில் ஸ்காஃபெல் பைக் உச்சியிலிருந்து லிங்மெல் மூக்கு என்ற மலைமுனை வழியாக இறங்கும் அந்தக் கடைசிச் சரிவை ஒருமுறைகூடப் பார்க்காமல் பந்தயத்தன்று முதல் தடவை இறங்கினால் பத்து நிமிடம் போய்விடும், தொடையும் போய்விடும்.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பனி மூடினால் கைப்பிடியாக எதைப் பிடித்துக்கொண்டு போகலாம்? வேலி, கல்சுவர், ஓடை எதுவாக இருந்தாலும் சரி. கிர்க் ஃபெல், பில்லர் உச்சிகள் பக்கம் பழைய இரும்பு வேலிக் கம்பங்கள் மிச்சம் நிற்கின்றன, பனியில் அவற்றைப் பார்த்தால் உறவினரைப் பார்த்த மாதிரி இருக்கும். அடுத்து, உயரம் இழக்காமல் பக்கவாட்டில் சுற்றிப் போக முடியுமா? எனர்டேலில் கிரீன் கேபிளிலிருந்து கிர்க் ஃபெல்லுக்குப் போகும்போது நடுவில் கிரேட் கேபிள் நிற்கிறது, அதன் உச்சி செக்பாயிண்ட் இல்லை, அதனால் ஏறி இறங்காமல் வடக்குப் பக்கச் சரிவில் சுற்றி பெக் ஹெட் கணவாயைப் பிடிப்பார்கள். அந்தச் சுற்றில் பத்து மீட்டர் மேலே போனால் பாறைக் குவியல், சரியான உயரத்தில் போனால் ஒற்றையடித் தடம். மூன்றாவது, இங்கே தவறினால் எங்கே போய் விழுவேன்? பாரோடேல் பந்தயத்தில் ஸ்காஃபெல் பைக் உச்சியிலிருந்து பனியில் தப்பான பக்கம் இறங்கினால் பாரோடேலுக்குப் பதில் எஸ்க்டேலிலோ வாஸ்டேலிலோ போய் நிற்பீர்கள், அங்கிருந்து காரில் திரும்பி வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது கிண்டலுக்குச் சொன்னதில்லை, நடந்துகொண்டே இருக்கும் விஷயம்.

வரைபடமும் திசைகாட்டியும் பையில் இருந்தால் போதாது, ஓடிக்கொண்டே பார்க்கப் பழக வேண்டும். வரைபடத்தை மடித்துக் கையிலேயே வைத்து, இப்போது இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு ஓடுங்கள். விரல் நகர நகர நீங்களும் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். உச்சியை அடைந்ததும் கிளம்புவதற்கு முன் திசைகாட்டியை ஒருமுறை பாருங்கள், பனி இல்லாத நாளிலும்தான். உச்சிகள் வட்டமானவை, ஒரு வளையம் சுற்றி வந்தால் திசை புத்தியைக் குழப்பிவிடும். பிரிட்டனில் இப்போது காந்த வடக்கும் வரைபட வடக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் கழித்தல் கூட்டல் தொல்லை இல்லை. ஜிபிஎஸ் கடிகாரத்தை நம்பி வராதீர்கள், சில பந்தயங்களில் வழி பார்க்க அதைப் பயன்படுத்தவே கூடாது.

இறங்குவது

ஏறுவதில் பெரிய ரகசியம் இல்லை. சரிவு கூடினால் கைகளை முட்டிக்கு மேல் ஊன்றி நடங்கள், முன்னணியில் இருப்பவர்களும் அதைத்தான் செய்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இறக்கத்தில்தான் நேரம் போகிறது. முடிவுப் பட்டியலோடு செக்பாயிண்ட் நேரங்களையும் போட்டிருந்தால் முதல் ஆளின் நேரத்துக்குப் பக்கத்தில் உங்கள் நேரத்தை எழுதிப் பாருங்கள். ஏற்றத்தில் அவரைவிட ஒன்றரை மடங்கு எடுத்திருப்பீர்கள், கரடுமுரடான இறக்கத்தில் இரண்டு மடங்கு எடுத்திருப்பீர்கள். என் கதை ஒவ்வொரு வருடமும் இதுதான்.

பயம் வந்தால் உடம்பு பின்னால் சாயும், பின்னால் சாய்ந்தால் குதிகால் வழுக்கும், வழுக்கினால் பயம் கூடும். இதை உடைக்க ஒரே வழி புல் சரிவில் பழகுவது, விழுந்தாலும் வலிக்காது. சின்னச் சின்ன வேகமான அடிகள், மார்பு சரிவுக்கு நேராக, கைகளைப் பக்கவாட்டில் தூக்கி விட்டுவிடுங்கள், கோழி சிறகடிக்கிற மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. பார்வை காலடியில் இருக்கக்கூடாது, மூன்று நாலு மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். ஷூ அடியில் ஆழமான ரப்பர் முட்கள் வேண்டும், மெத்தை தடிமனாக இருக்கக்கூடாது, தரையை உணர முடியாமல் கணுக்கால் மடியும்.

இறக்கத்தில் தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உழைப்பதால் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகும், அதனால்தான் இரண்டு நாள் கழித்து வலி உச்சத்துக்குப் போகும். நல்ல செய்தி, ஒருமுறை அப்படி அடிபட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை நன்றாகத் தாங்கும். ஆகவே பந்தயத்துக்குப் பத்துப் பதினாலு நாள் முன்னால் ஒரு கடுமையான இறக்கப் பயிற்சி செய்துவிட்டு, அதற்குப் பிறகு தொடாதீர்கள்.

பையில் வைக்க வேண்டியதை ஒவ்வொரு பந்தயமும் எழுதியே தரும்: தையலில் ஒட்டு போட்ட மழை ஜாக்கெட்டும் பேண்ட்டும், தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், அவசரத்துக்குச் சாப்பாடு. தொடக்கத்தில் சோதிப்பார்கள். வெயில் அடிக்கிறதே என்று வாதாடாதீர்கள், மேலே காற்றும் மழையும் சேர்ந்தால் ஜூலையிலும் கை விறைத்துப் போய் பையின் ஜிப்பைத் திறக்க முடியாமல் நின்றிருக்கிறேன். சாப்பாடு மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து, எதை விழுங்க முடிகிறதோ அது, புதிதாக எதையும் அன்று முயற்சிக்க வேண்டாம். முதல் அரை மணி நேரத்திலேயே தொடங்கிவிடுங்கள், பசி வந்த பிறகு சாப்பிட்டால் நேரம் கடந்துவிட்டது.

ஒரு விதியை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பாதியில் விலகினால் செக்பாயிண்டில் சொல்ல வேண்டும், அதோடு முடிவிடத்திலும் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். 2012 ஏப்ரலில் லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரு பந்தயத்தில் ஒருவர் இறந்தார், அதன் பிறகு ஆட்களை எண்ணுவதில் கண்டிப்பு கூடியது. நீங்கள் சொல்லாமல் காரில் ஏறிவிட்டால் மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள் இரவெல்லாம் மலையில் உங்களைத் தேடுவார்கள். உங்களுக்கே ஆபத்து என்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதுங்கள், ஒரு நிமிடம் விட்டு மறுபடி. போன் எடுத்தால் 999-ல் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்பு வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

ரெக்கார்டுகள் உடையவும் செய்கின்றன. பென் நெவிஸில் 1984-ல் பாலின் ஹாவர்த் ஓடிய 1:43:25 பெண்கள் ரெக்கார்டாக 34 வருடம் நின்றது, 2018-ல் விக்டோரியா வில்கின்சன் 1:43:01-ல் முடித்தார். வித்தியாசம் வெறும் 24 விநாடி. ஒரு தப்பான ஆட்டுத்தடத்தில் நான் தொலைக்கும் நேரம் அதைவிட அதிகம். அதனால் பந்தயம் முடிந்து சூப் குடித்த கையோடு, கால் வலிக்கத் தொடங்குவதற்கு முன், வரைபடத்தை எடுத்து எந்த இடத்தில் தடம் விட்டது, எங்கே முன்னால் போனவர் சட்டென்று இடது பக்கம் திரும்பி மறைந்தார் என்பதைப் பென்சிலால் குறித்து வையுங்கள். மறுநாள் காலையில் பாதி மறந்துபோயிருக்கும்.